பனியில் வாரான் ஏரல்காரன்

டீக்கடை ஜெயகணேஷ் ஆறு கிளாஸ்களைப் பலகையில் வரிசையாக வைத்து டீ ஊற்றத் தொடங்கியதும் மந்திரமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொள்வார். கையில் எப்போதும் ஒரு காலி கிளாஸ் இருக்கும். அது மெல்ல வாயருகே போகும். “முதல்ல போயிட்டிருக்கது சீனி கம்மி... ஒட்டிக்கிட்டே வாரது ஸ்ட்ராங் டீ... ஏலே, அங்கன பின்னால பாருங்க, சத்தமே காட்டாம ஒரு பால் வருது... நெருங்குது, நெருங்குது, முந்திட்டு!” பால் சொல்லிவிட்டு நின்ற நாமக்கல் லாரிக்காரர், தான் என்ன சாதித்தோம் என்று தெரியாமலே நெஞ்சை நிமிர்த்துவார்.

ஒரே பாதையில் இரண்டு பொருள் போனால் அவருக்கு அது பந்தயம். துறைமுக வாசலில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள், கண்ணாடியில் இறங்கும் மழைத்துளிகள், கல்யாணப் பந்தியில் எதிரெதிர் வரிசையில் வரும் சாம்பார் வாளியும் ரச வாளியும், எதையும் விட்டு வைப்பதில்லை. இழவு வீட்டில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். ஆனால் சுடுகாட்டுக்குப் போகும் வழியில் இரண்டு ஆட்டோக்கள் ஒன்றையொன்று முந்தியபோது அவர் உதடு அசைந்ததைப் பார்த்தவர்கள் முத்தையாபுரத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

ஆள் ஒல்லி. தொண்டை எலும்பு மட்டும் உடம்பைவிட ஒரு அளவு பெரிது. சட்டைப் பையில் பனங்கற்கண்டும் மிளகும் கலந்த பொட்டலம் ஒன்று. குரலுக்காக என்று சொல்லிக்கொள்வார். அந்தக் குரல் வாரத்தில் ஆறு நாள் சும்மாதான் கிடக்கிறது என்பதை அவர் வேலையைப் பார்த்தால்தான் நம்ப முடியும்.

துறைமுகத்தில் அவர் சிக்னல்மேன். கப்பலின் மேல்தளத்தில், சரக்கறையின் விளிம்பில் நிற்பது வேலை. மேலே கிரேனில் இருப்பவருக்கு சரக்கறையின் அடி தெரியாது. அடியில் நின்று சரக்கைக் கட்டுகிறவர்களுக்கு கிரேன்காரரைத் தெரியாது. இரண்டு பக்கமும் பார்க்கிற கண் இவருடையது ஒன்றுதான். அந்த இரைச்சலில் வாயைத் திறந்து பயனில்லை, எல்லாம் கை. விரலைச் சுழற்றினால் சுமை ஏறும். உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் இறங்கும். கையை உயர்த்தி முஷ்டியை மடக்கினால், எத்தனை டன் தொங்கினாலும் அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும். இருபத்தெட்டு வருடமாக ஷிப்டுக்கு எட்டு மணி நேரம் ஊமையாக நிற்கிறார் மனிதர்.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு கிடையாது. சோறு வேண்டுமென்றால் உள்ளங்கையைக் கவிழ்ப்பார். முஷ்டியை மடக்கினால் அவர் மனைவி சண்முகத்தாயின் கரண்டி அந்தரத்தில் நின்றுவிட வேண்டும். முதல் வருடம் அந்த அம்மாள் அழுதிருக்கிறார், இப்போது சிரிப்பதற்குப் பழகிவிட்டார். “வீட்ல ஊமை, ரோட்ல ரேடியோ. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மனுசன் இருந்தா அவனுக்கு வாக்கப்பட்டிருப்பேன்” என்பார்.

ரோட்டில் ரேடியோ என்று அவர் சொல்வது மாட்டுவண்டிப் பந்தயத்தை. சுற்று வட்டாரத்தில் எந்த ஊர்க் கோயில் கொடையென்றாலும், தைப் பொங்கலென்றாலும், வண்டிப் பந்தயத்துக்கு மைக் மந்திரமூர்த்திதான். பந்தயத்தில் ஒரு சங்கடம் உண்டு. வண்டிகள் புறப்படுவதைப் பார்க்கலாம், திரும்பி வருவதைப் பார்க்கலாம். நடுவில் எல்கை எனும் திரும்பும் இடம்வரை போக நாலு மைல், வர நாலு மைல், கூடி நிற்கிற சனம் வெறும் தார் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வெறும் ரோட்டில் வண்டியை ஓட்டிக் காட்டுவது மந்திரமூர்த்தி. வண்டிகளுக்கு முன்னால் ஜீப்பில் போய்க்கொண்டே கைபேசியில் பேசுவார். மேடையில் அதை ஒலிபெருக்கியோடு இணைத்திருப்பார்கள். எந்த வண்டியையும் காளையின் பேரால் சொல்ல மாட்டார், ஊர்ப் பேரால்தான் சொல்வார். “ஊர்ப் பேரச் சொல்லிப் பாருவே. காலு ஒடிஞ்சவனும் எந்திரிச்சு நிப்பான்” என்பது அவர் கண்ட தொழில் ரகசியம்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. கடைசி வண்டி வந்து சேரும்வரை மைக்கை இறக்க மாட்டார். வினை அங்கேதான் முளைத்தது. போன தையில் சாயர்புரம் தேவபிரசாதத்தின் வண்டியில் பூட்டிய மயிலைக் காளை, பாதி வழியில் ஒரு கரும்புக் கடையைப் பார்த்ததும் நின்றுவிட்டது. பரிசு வாங்க வேண்டியவர்களெல்லாம் மேடையில் ஏறிவிட்டார்கள். மந்திரமூர்த்தி ஜீப்பைத் திருப்பச் சொல்லி மூன்று மைல் பின்னால் போனார். “சாயர்புரம் வண்டி நிக்கி... காளை யோசிக்கி... கரும்பைப் பாக்குது, ரோட்டைப் பாக்குது, மறுபடியும் கரும்பைப் பாக்குது...” நாற்பது நிமிடம். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிறப்பு விருந்தினர் மட்டும் கையில் பொன்னாடையோடு நாற்பது நிமிடமும் நின்று, அதைப் போர்த்தாமலே காரில் ஏறிப் போனார்.

பந்தயக் கமிட்டியின் செயலாளர் டீக்கடை ஜெயகணேஷ்தான். ஏன் இப்படி என்று கேட்டபோது மந்திரமூர்த்தி சொன்ன பதில் அவருக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. “கடைசி சுமை எறங்காம கப்பல் கௌம்புமாவே? கடைசி வண்டியும் பந்தயத்துலதான ஓடுது?” அன்றிலிருந்து ஜெயகணேஷுக்கு வேறு யோசனை. கல்யாண வீடுகளில் ட்ரோன் பறக்கவிடும் பாண்டியராஜன், வண்டிகளுக்கு மேலேயே பறக்கவிட்டு மேடையில் பெரிய திரையில் காட்டுகிறேன் என்றான். ஸ்ரீவைகுண்டத்துப் பையன், கெட்டிக்காரன். பேட்டரி தீர்ந்தால் ட்ரோன் தானே இறங்கிவிடும் என்பது ஜெயகணேஷுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. “சனம் இப்ப கண்ணால பாக்கணும்ங்கி, அண்ணாச்சி. எத்தன நாளைக்குக் காதால பாக்கும்?” என்று ஒரு நாள் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

அன்று மந்திரமூர்த்தி டீ கிளாஸ்களுக்கு வர்ணனை செய்யவில்லை. மைக் போய்விட்டால் ஆறு நாள் ஊமை ஏழு நாள் ஊமையாகிவிடும். அந்தப் பயம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அது தீர்ப்புக்கு வந்தது. பிற்பகல் மூன்று மணி. கடை டிவியில் ஓடிக்கொண்டிருந்த கிரிக்கெட் மழையால் நின்றது. ஜெயகணேஷ் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போனதில் எங்கோ ஒரு பனிநாட்டில் வந்து நின்றது. காலில் நீளமாக இரண்டு பட்டைகளைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் கம்பு ஊன்றி, ஒரு ஆள் மரங்களுக்கு நடுவே சறுக்கிக்கொண்டே போனான். சட்டையில் எண் இருந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஆள் அதே மாதிரி போனான்.

“ரெண்டு காலும் நல்லாத்தான இருக்கு, பொறவு எதுக்குக் கம்பு ஊனுதான்?” என்றார் பிச்சம்மாள். கடையோரம் அவித்த கடலை விற்கிறவர், பிறந்த ஊர் ஏரல்.

“பந்தயமாம், ஆச்சி. பத்து கிலோமீட்டராம்” என்றான் பாண்டியராஜன். ட்ரோன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாமக்கல்காரர் கொட்டாவி விட்டார். அது பெஞ்சு முழுக்கப் பரவியது.

ஜெயகணேஷ் கண்ணில் ஒரு பொறி தட்டியது. “அண்ணாச்சி, இந்தா, கண்ணாலதான் பாத்துக்கிட்டு இருக்கோம். ஒரு எழவும் வெளங்கல, தூக்கமா வருது. இதுக்கு எங்கள எந்திரிக்க வைங்க பாப்போம். வச்சிட்டியன்னா தைக்கு மைக்கு உங்களுக்கு. இல்லன்னா பாண்டிக்கு.”

பனியை மந்திரமூர்த்தி குளிர்பதனப் பெட்டியில்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் நாலு மிளகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “சத்தத்தக் கொறைவே” என்றார். காலி கிளாஸ் வாயருகே போயிற்று.

எண் ஒன்று, பச்சைச் சட்டை, எல்லோருக்கும் முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு முத்தையாபுரம் என்று பேர் வைத்தார். அது ஜெயகணேஷின் சொந்த ஊர். நடுவரின் ஊரை முன்னால் போகிறவன் தலையில் கட்டியதில் கொஞ்சம் களவாணித்தனம் இருக்கத்தான் செய்தது. புறப்படும் இடத்தைத் திரையில் காட்டியபோது இன்னும் பல பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். வண்டிப் பந்தயத்தில் ஊறியவருக்கு அதைப் பார்த்தவுடன் விஷயம் விளங்கிவிட்டது. “அடேயப்பா! முத்தையாபுரம் எல்கையத் தொடப்போகுது, மத்தவன் இன்னும் மாடே பூட்டலியே! கயித்தத் தேடுதான் போலுக்கே!”

கடை சிரித்தது. ஜெயகணேஷ் பாய்லரை விட்டு வெளியே வந்தார். முத்தையாபுரம் மேட்டில் ஏறினான், பள்ளத்தில் பாய்ந்தான், கண்ணுக்கெட்டிய தூரம் பின்னால் ஆளே இல்லை. கடைசியில் கோட்டைத் தாண்டிக் கைகால்களை விரித்துப் பனியிலேயே குப்புற விழுந்தான். “ஐயோ, யாராச்சும் சோடா ஒடைங்கலே!” என்று பிச்சம்மாள் கத்தினார்.

“முத்தையாபுரம்! முதல் கொடி முத்தையாபுரத்துக்கு!”

ஜெயகணேஷ் என்ன செய்கிறோம் என்று அறியாமல் வடைத் தட்டைத் தூக்கி எல்லோருக்கும் சும்மாவே நீட்டினார். எங்கள் ஊர் ஜெயித்ததற்கு என்றார். மந்திரமூர்த்தியும் ஒரு வடையை எடுத்துக்கொண்டு, ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தார்.

அடுத்தவன் வந்தான். திரையில் முத்தையாபுரத்தின் பேர் இரண்டாவதாக இறங்கியது. இன்னும் இருவர் வந்தார்கள், நாலாவது. வடை தின்று முடிப்பதற்குள் ஒன்பதாவது. பிறகு பேரே திரையில் இல்லை. நாமக்கல்காரர் சத்தத்தைக் கூட்டி, இங்கிலீஷைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அண்ணா, ஒவ்வொருத்தனையும் அர நிமிசம் விட்டு விட்டு அனுப்பறானுங்க. யாரு மொதல்ல வந்தாங்கறது இல்லீங்க. யாரு கொறஞ்ச நேரத்துல வந்தாங்கறதுதான். அந்தப் பச்சைச் சட்டை மொதல்ல கெளம்புனான், அதனால மொதல்ல வந்தான். அவ்வளவுதானுங்க.”

பிச்சம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார். “முந்தி வந்தவன் தோத்தானா? இது எந்த ஊரு நியாயம்?”

“அப்போ நான் குடுத்த வடை?” என்றார் ஜெயகணேஷ்.

பெஞ்சே குலுங்கச் சிரிப்பு எழுந்தது. பாண்டியராஜன் மரியாதை தெரிந்த பையன், அவன் சிரிக்கவில்லை. ட்ரோன் பையின் ஜிப்பைத் திறந்து லென்ஸைத் துடைக்கத் தொடங்கினான். அந்த ஜிப் சத்தம் கேட்டதும் மந்திரமூர்த்தி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஜெயகணேஷ் ரிமோட்டைத் தேடினார். அது வடைத் தட்டுக்கு அடியில் இருந்ததால் கொஞ்ச நேரம் கிடைத்தது.

அந்தக் கொஞ்ச நேரம் மந்திரமூர்த்தி திரையையே பார்த்தார். சரக்கறை விளிம்பில் நிற்கும்போது பார்ப்பது போலப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் காலை ஷிப்ட் ஆட்களும் ராத்திரி ஷிப்ட் ஆட்களும் முகத்துக்கு முகம் பார்த்ததே கிடையாது. ஒருவர் போன பிறகுதான் அடுத்தவர் வருவார். ஆனாலும் அவர்களுக்குள் வருடம் பூராவும் பந்தயம்தான்: எட்டு மணி நேரத்தில் யார் அதிகம் சுமை இறக்கியது என்று. நேற்றைய ஆட்கள் விட்டுப்போன எண்ணிக்கையைத் தாண்ட இன்னும் ஒரே ஒரு சுமை வேண்டும், ஷிப்ட் முடிய மூன்று நிமிடம் இருக்கிறது என்றால், விளிம்பில் நிற்கிற இவருக்கு மயிர்க்கூச்செறியும். எதிராளி அப்போது வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பான்.

திரையில் ஒரு மூலையில், முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதுவரை வந்தவர்களில் குறைந்த நேரக்காரன் அதில் போர்வையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைவிட விரைவாக ஒருவன் வந்தால் எழுந்து இடம் விட வேண்டும். மந்திரமூர்த்தி கிளாஸை எடுத்தார்.

“ஏலே, தப்பு என்னுது. சண்டை ரோட்டுல இல்ல, நாக்காலியில! உக்காந்திருக்கவன் யாரு? ஸ்ரீவைகுண்டத்தான்!”

லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த பாண்டியராஜன் தலை நிமிர்ந்தான்.

“போர்வையப் போத்திக்கிட்டு, வளகாப்புக்கு உக்காந்த பொண்ணு கணக்கா இருக்கான். சுத்தி வந்தவனெல்லாம் பாத்துட்டுப் போறான், எழுப்ப ஆளில்ல. ஆனா அங்கன காட்டுக்குள்ள ஒருத்தன் வாரான். நம்பரு நாப்பத்தாறு. முன்னால ஆளு இல்ல, பின்னால ஆளு இல்ல, வெரட்டுறதுக்கு மாடு கூட இல்ல. கடியாரம் ஒண்ணுதான் அவனுக்கு எதிராளி. யாரு வாரா? ஏரல்காரன் வாரான்!”

“எங்க ஊரா?” என்று பிச்சம்மாள் கடலைக் கூடையை இறக்கி வைத்தார்.

நடுவழியில் நேரம் குறிக்கும் முதல் எல்கையில் ஏரல் ஒன்பது வினாடி பின்னால் என்று சிவப்பு எழுத்தில் வந்தது. “ஸ்ரீவைகுண்டத்தான் சிரிக்கான், ஆச்சி!” இரண்டாவது எல்கையில் நாலு வினாடி. “சிரிப்பு நின்னு போச்சு. போர்வைக்குள்ள கால ஆட்டுதான்!” ஏரலுக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவே ஆறும் வாய்க்காலும் ஓடும் நாள் முதலாக எதற்கும் போட்டிதான். பாண்டியராஜன் பையை பெஞ்சிலேயே போட்டுவிட்டு எழுந்தான். “எங்க ஊரு ஆளு எந்திரிக்க மாட்டான்!” என்றான். “எந்திரிக்காம? தூக்கிப் போடுவோம்லே!” என்றார் பிச்சம்மாள். மூன்றாவது எல்கை, ஒரே ஒரு வினாடி. இப்போது கடையில் உட்கார்ந்திருந்தவர் ஒருவருமில்லை. நாமக்கல்காரர் எந்த ஊர்ப் பக்கம் என்று தெரியாமலே தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். ஜெயகணேஷ் பாலைப் பொங்கவிட்டிருந்தார்.

“கடைசி மேடு... மூச்சு வாங்குது... கம்ப ஊனுதான், ஊனுதான்... ஏரல் பாலம் ஏறிட்டான்... சந்தக்கடை தாண்டிட்டான்... கடியாரம் ஓடுது, ஏரலும் ஓடுது... வாரான், வாரான், வாரான்...” பனிக்குள் ஏரல் பாலம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கோட்டில் காலை நீட்டிப் பாய்ந்தான் நாற்பத்தாறு. எழுத்து பச்சையாக மாறியது. அரை வினாடி!

பிச்சம்மாள் கையிலிருந்த படிக் கடலையையும் தலைக்கு மேல் வீசினார். பாண்டியராஜன் பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தான், எப்போது ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. திரையில் ஸ்ரீவைகுண்டத்தான் எழுந்து, வந்தவனைக் கட்டிப்பிடித்து, போர்வையை அவன் தோளில் போட்டான். “தோத்துட்டோம்லா” என்று பாண்டியராஜன் நிஜமான துக்கத்தோடு சொன்னான். இத்தனை கூத்திலும் ஒரு படம்கூட எடுக்கவில்லை என்பது அவனுக்கு அப்புறம்தான் உறைத்தது.

கூட்டம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பொங்கி வழிந்த பாலை ஜெயகணேஷ் துணியால் துடைத்தார். ஆள் மோசமில்லை, சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. “சரி, அண்ணாச்சி. பாண்டி படம் புடிக்கட்டும், பேசுறது நீங்கதான். மைக்கு உங்களுக்குத்தான்” என்றார். மந்திரமூர்த்தியின் கை பனங்கற்கண்டுப் பொட்டலத்துக்குப் போயிற்று. ஜெயகணேஷ் தொடர்ந்தார்: “ஆனா ஒண்ணு. அந்தக் கடைசி வண்டி வேலை மட்டும் ஆகாது. மூணு பரிசு வந்ததும் மைக்க வச்சிரணும். போன வருசம் மாதிரி விருந்தாளிய நிக்க வைக்கக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா மைக்கு, இல்லன்னா இல்ல. என்ன சொல்லுதிய?”

மந்திரமூர்த்தி கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே திரையைப் பார்த்தார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஜெயகணேஷ் ரிமோட்டைத் தூக்கினார். கிரிக்கெட் மறுபடி தொடங்கியிருக்கும், லாரிக்காரர்கள் அதைத்தான் கேட்டார்கள்.

திரையில், பின்னால் வந்த யாரும் எழுப்ப முடியாத ஏரலுக்கு மாலை மரியாதை நடந்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் மட்டும், ஆட்கள் கலைந்துபோன பனிப் பாதையில், எண் எண்பத்துநாலு தன்னந்தனியாகக் கம்பை ஊன்றி ஊன்றி வந்துகொண்டிருந்தான். எல்லா எல்கையிலும் அவனுக்குச் சிவப்பு எழுத்துத்தான்.

மந்திரமூர்த்தி ஜெயகணேஷைத் திரும்பிப் பார்க்கவில்லை. “சாயர்புரம் இன்னும் வந்துக்கிட்டிருக்கு...” என்று கிளாஸுக்குள் தாழ்ந்த குரலில் தொடங்கிக்கொண்டே, இடது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, முஷ்டியை மடக்கினார். ரிமோட்டோடு நீண்ட ஜெயகணேஷின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.